பாகு வாசம்

— நிறுத்த மாட்டேன்க்கா. மதுரை போற வரைக்கும் எங்கயும் நிறுத்த மாட்டேன்.

— வீரபாண்டி வருது தம்பி. கோயில் வாசல்ல பிள்ளையைக் காட்டிட்டு உடனே ஏறிக்கிறேன். பொறந்த பிள்ளை. கோயிலைத் தாண்டி எறங்காமப் போறது நல்லதில்ல.

— வண்டியில இருந்தே கும்பிட்டுக்க. மாரி, சர்க்கரைத் தண்ணி எறங்குதா?

— வாயில விடுறேன் மாமா. வழியுது.

— சொட்டுச் சொட்டா விடு. பாலாடையை ஓரமா வச்சு விடு.

— இந்தக் கூத்தை எங்கயாச்சும் பாத்திருக்கீகளா. பெத்தவளுக்குப் பால் கட்டிச் சீலையெல்லாம் நனையுது. பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணி. ஏத்தா மாரி, அவன் ரோட்டைப் பாத்துத்தான் ஓட்டுறான். முந்தானைக்குள்ள போட்டு ரெண்டு வாய் குடு.

— அக்கா, கண்ணாடியில எனக்கு எல்லாம் தெரியுது.

— தெரிஞ்சாத் தெரியட்டும். என் மகள் பாலு, என் பேத்தி.

— அந்தப் பால்தான்க்கா அவளுக்கு விசம்.

— என்ன வார்த்தை சொல்ற. பெத்த தாய் பாலை விசம்ங்கிறியே, நாக்கு கூசல?

— மாரி பாலுன்னு இல்ல. பசும்பாலு, டப்பாப் பாலு, எதுவானாலும் அப்படித்தான். நேத்தே டாக்டரம்மா சொன்னாக. அப்பவே மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்கன்னாக. நான் கூடலூருக்கு லோடு ஏத்தப் போன நேரத்துல, நாங்களே போய்க்கிறோம்னு நர்சம்மாகிட்டச் சொல்லி ஆட்டோவுல வீட்டுக்குக் கூட்டியாந்துட்ட.

— அந்த ஜெபா டாக்டர் வேதக்காரி. அவளுக்கு நம்ம வீட்டுச் சாமி தெரியுமா? நான் பாக்காததா? மாரியோட மூத்த பிள்ளை பொறந்தப்பவும் இதே வாசம்தான். தொட்டில் பக்கத்துல நின்னா வெல்லப்பாகு காய்ச்சுன மாதிரி. அவ போன பெறகு பந்தல் ஓரத்துல கல்லு நட்டோம், பாவாடை சாத்துனோம், செவ்வாக்கெழமை தவறாம சர்க்கரைப் பொங்கல் வச்சோம். அந்த வருசம் காய்ச்ச மாதிரி திராட்சை எந்த வருசம் காய்ச்சுது? சொல்லு. அவதான் திரும்பி வந்திருக்கா. அதே வாசத்தோட வந்திருக்கா.

— அந்த வாடைதான் நோயி.

— வாடைன்னு சொல்லாத. வாசம்.

— சரி, வாசம். நான் கூடலூர்லேருந்து வரும்போது நம்ம வாசல்ல செருப்பு வைக்க எடமில்ல. ஒவ்வொருத்தரா குனிஞ்சு பிள்ளையை மோந்து பாத்துட்டு வெளிய வராக. ஒரு பொம்பளை கன்னத்துல போட்டுக்குது. உள்ள போனா நெத்தி பூராத் திருநீறு. பிள்ளை ரெண்டு காலையும் சைக்கிள் மிதிக்கிற மாதிரி ஆட்டிக்கிட்டுக் கெடக்கு. சாமி ஆடுதுன்னு நீ குலவை போட்டுக்கிட்டு நிக்கிற.

— பச்சைப் பிள்ளை அப்படி ஆடி நீ பாத்திருக்கியா?

— மூளை வீங்குனா அப்படித்தான் ஆடுமாம்.

— அம்மா, கோயில் வந்துருச்சு. கும்பிட்டுக்க.

— ஆத்தா மகமாயி. எறங்காமப் போறோம்னு கோவிச்சுக்காத. எம் பேத்தியக் காப்பாத்திக் குடு. ஆடியில வந்து தீச்சட்டி எடுக்கிறேன்.

— கும்பிட்டாச்சுல்ல. இனிமே நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுக்கா. விசயம் இதுதான். நாம திராட்சைக்குக் கவாத்து அடிக்கிறோம்ல. கத்தரி எப்படி வெட்டுது? ரெண்டு அலகையும் நடுவுல ஒரு ஆணி பிடிச்சிருக்கு. ஆணி கழண்டு போச்சுன்னா அதே இரும்புதான், அதே கூருதான், வெட்டாது.

— பிள்ளைக்கும் கத்தரிக்கும் என்ன சம்பந்தம்?

— ஒடம்புக்குள்ள அந்த மாதிரி ஆயிரக்கணக்குல கத்தரி வேலை செய்யுதாம். அது எல்லாமே புரதம். பால்ல இருக்கிறதும் புரதம், முட்டையில இருக்கிறதும் புரதம், நம்ம சதையும் அதுதான். டாக்டரம்மா கழுத்துச் செயினைக் கழட்டிக் காட்டுனாக. மணி கோத்த சரடு மாதிரி இருக்குமாம். நீட்டமாக் கெடந்தா அது ஒண்ணுக்கும் ஆகாது. தன்னால மடங்கிச் சுருண்டு ஒரு உருவத்துக்கு வரணும். உருவம் வந்தாத்தான் வேலை நடக்கும். ஒரே ஒரு மணி மாறிக் கோத்துருச்சுன்னா மடிப்பு பெசகிப் போகும். கத்தரி இருக்கும். வெட்டாது.

— செயினைக் கழட்டிக் காட்டுனாளாம்.

— பால் உள்ள போனதும் மணி மணியாப் பிரியுது. அதுல மூணு வகை மணியை வெட்டுற கத்தரி இவளுக்குச் சரியா அமையலை. வெட்டாத மணி ரத்தத்துல சேருது, மூளைக்கு ஏறுது. உன் பாகு வாசம் அதுலேருந்து வர்றதுதான். ஒரு வாய் பால் குடுத்தா ஒரு வாய் வாசம்.

— அப்ப பட்டினி போட்டாப் பொழைச்சுக்கிருமா?

— பட்டினியும் போடக் கூடாது. பசிச்சா ஒடம்பு தன் சதையையே கரைச்சுத் திங்கும். அதுலயும் இதே மணிதான் இருக்கு. அதுக்குத்தான் சர்க்கரைத் தண்ணி. மதுரையில ரத்தத்தைச் சுத்தம் பண்ற மிசின் இருக்கு. இந்த மூணு மணி இல்லாத பால் மாவும் தருவாக. அதைக் குடிச்சுப் பள்ளிக்கூடம் போற பிள்ளைக எல்லாம் இருக்காகளாம்.

— அம்மா.

— என்னத்தா?

— மூத்தவளுக்கு நடுவுல ஒரு நாள் கண்ணு தெறந்துச்சு. ஞாபகம் இருக்கா? எனக்குக் காய்ச்சல் அடிச்சப்ப.

— காய்ச்சல்காரி பால் குடுக்க வேண்டாம்னு நான்தான் சொன்னேன்.

— சர்க்கரைத் தண்ணி மட்டும் குடுத்தோம். அன்னிக்குச் சாயங்காலம் என் வெரலைப் பிடிச்சா. காய்ச்சல் விட்டதும் நீ மறுபடி மாருல போடச் சொன்ன. மறுநாள் மறுபடி சொணங்கிட்டா.

— இப்ப என்ன, நான் கொன்னேங்கிறியா?

— இல்லம்மா. நாந்தான் குடுத்தேன்.

— மாரி, அதையெல்லாம் இப்ப நெனைக்காத. யாருக்கும் தெரியாது. நேத்து நீ, மூத்ததுக்கும் இதே வாசம்தான்னு சொன்னதும் டாக்டரம்மா எந்திரிச்சு நின்னுட்டாக. அடுத்து அவுக கேட்டது ஒண்ணே ஒண்ணு. நீங்க சொந்தத்துல கட்டுனீகளான்னு. அக்கா மகள்னேன்.

— கட்டுனா என்ன? தாய்மாமன் கட்டுறது இன்னிக்கு நேத்து வந்த வழக்கமா?

— அம்மா, அனுஷ்கா கல்யாணத்தை நிறுத்து.

— ஆரம்பிச்சுட்டியா.

— தங்கச்சியைக் கர்ணன் மாமாவுக்குக் குடுக்காத. நேத்துல இருந்து நான் கேக்குறது இது ஒண்ணுதான்.

— பரிசம் போட்டாச்சு. ஆவணியில முகூர்த்தம். ஊருக்குச் சொல்லியாச்சு. என் மூத்த தம்பிக்கு மூத்தவ, எளைய தம்பிக்கு எளையவ. அனுஷ்கா கைப்பிள்ளையா இருக்கும்போதே முடிவானது. நீ பேசாமப் பிள்ளையைப் பாரு.

— தேனி வந்துருச்சு. இங்கன நெரிசலைத் தாண்டுறதுதான் கஷ்டம். அந்தா, லாரியைக் குறுக்க போட்டுருக்கான். அக்கா, இந்தப் பக்கம் கண்ணாடியை ஏத்து. பொகை வருது. மாரி, மூச்சு எப்படி இருக்கு?

— இருக்கு மாமா.

— ஆம்புலன்ஸ் வந்திருந்தா வழி விட்டுருப்பான். அதுவும் இன்னிக்குப் பாத்துக் குமுளி மலையில பஸ் கவுந்த எடத்துக்குப் போயிருச்சு. ஹாரன் அடிச்சாலும் திரும்பிப் பாக்குறானா பாரு. மாரி?

— ஏத்தா, மாமன் கூப்பிடுறான்ல.

— மாரி.

— தூங்குது மாமா. நீங்க ரோட்டைப் பாருங்க.

— வாயில தண்ணி விட்டியா?

— ம்.

— இங்கன குடு ஆத்தா. நான் கொஞ்ச நேரம் வச்சிருக்கேன். உனக்குக் கை அசந்து போயிருக்கும்.

— வேண்டாம்மா. ஊசி ஏத்துன கை இந்தப் பக்கம் இருக்கு. அசைச்சா வலிக்கும். இப்படியே இருக்கட்டும்.

— நெரிசலைத் தாண்டிட்டோம். இனிமே ரோடு நல்லாருக்கும். விரட்டிப் போயிரலாம்.

— மெதுவாவே போங்க மாமா.

— ஏன்?

— வேகமாப் போனாப் பேசுறது கேக்கலை. டாக்டரம்மா கர்ணன் மாமாவுக்கும் அனுஷ்காவுக்கும் என்ன சொன்னாகன்னு அம்மாகிட்டச் சொல்லுங்க. எங்கிட்டச் சொன்னதை அப்படியே சொல்லுங்க.

— இப்ப எதுக்கு? பிள்ளையை ஆஸ்பத்திரியில சேத்துட்டுப் பேசிக்கலாம்.

— இப்பவே சொல்லுங்க.

— சரி. அக்கா, அந்தக் கத்தரி செய்யுற அச்சு எல்லாருக்கும் ரெண்டு இருக்குமாம். அப்பன் குடுத்தது ஒண்ணு, ஆத்தா குடுத்தது ஒண்ணு. ஒண்ணு பழுதாப் போனாலும் இன்னொண்ணை வச்சு வேலை ஓடிரும். ஆளுக்கு ஒண்ணும் செய்யாது. எனக்கு ஒரு அச்சு பழுது. மாரிக்கும் ஒண்ணு பழுது. நாங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம். ரெண்டு பழுதும் ஒரே பிள்ளைக்குப் போய்ச் சேந்தாத்தான் இப்படி ஆகுது.

— மாரிக்கு எப்படிப் பழுதாச்சு?

— உங்கிட்ட இருந்துதான்க்கா.

— எங்கிட்ட இருந்தா?

— நம்ம அப்பனுக்கோ ஆத்தாளுக்கோ இருந்திருக்கு. அது உனக்கும் வந்துச்சு, எனக்கும் வந்துச்சு. கர்ணனுக்கும் வந்திருக்கலாம். நீ மாரிக்குக் குடுத்த மாதிரி அனுஷ்காவுக்கும் குடுத்திருக்கலாம்.

— நான் குடுத்தது சோறு தம்பி. ஆத்தா செத்தப்ப கர்ணன் கைப்பிள்ளை. நீ டவுசரைப் பிடிச்சுக்கிட்டு நின்ன. உங்க ரெண்டு பேரையும் இடுப்புல தூக்கி வளத்தவ நான்.

— யாரு இல்லைன்னா?

— பழுதைக் குடுத்தேங்கிறியே.

— உன் தப்புன்னு சொல்லலை. யாரு தப்பும் இல்லை. வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். அவுக ரெண்டு பேரு ரத்தத்தையும் பாத்தாத் தெரிஞ்சுரும்.

— ரத்தம் பாக்குறதா? நல்லாச் சொன்ன. நாளைக்குக் காலையில கம்பம் பூராத் தெரிஞ்சு போகும். இவுக வீட்டு ரத்தம் கெட்ட ரத்தம்னு ஒருத்தன் சொன்னாப் போதும். பெறகு கர்ணனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? அனுஷ்காவை எவன் வந்து கேப்பான்?

— அப்ப பாக்காமலே கட்டிவைப்ப.

— நீ வாயை மூடுடி.

— மூத்தவ போனப்பக் கேட்டேன்லம்மா, ஏம்மா இப்படி ஆச்சுன்னு. சாமியாப் போனவளைப் பத்திக் கேள்வி கேக்கக் கூடாதுன்னு சொன்ன. மாமாவும் பேசலை. கல்லு நட்ட பெறகு எங்க வாயை நீ அடைச்சுட்ட. அதான் இப்பக் கேக்குறேன். பிள்ளை மடியில இருக்கும்போதே கேக்குறேன்.

— தம்பி, இவளை அடங்கச் சொல்லு.

— அவ பேசட்டும்க்கா.

— இது என்ன ஊரு?

— ஆண்டிபட்டி.

— ஏண்டா இந்த வழியா வந்த?

— மதுரைக்கு வேற எது வழி?

— இந்த ஊரைத் திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு இருந்தேன். வெளிய கட்டிக் குடுத்தா என்ன ஆகும்னு கேக்குறீகள்ல, நல்லாப் பாத்துக்கங்க. என்னை இங்கனதான் குடுத்தாக. தறி வச்சிருக்கிற வீடு, நல்ல எடம்னு அப்பன் குடுத்தாரு. நான் தண்ணி பாஞ்ச மண்ணுல பொறந்தவ. இங்கன ஒரு குடம் தண்ணிக்கு அரை நாளு நிக்கணும். குடம் ஒடைஞ்சதுக்கு ஒருக்கா, ரெண்டாவதும் பொட்டைன்னு ஒருக்கா, சோறு குழைஞ்சதுக்கு ஒருக்கான்னு அடி. ஏன்னு கேக்க எனக்கு இங்கன யாரு இருந்தா? அனுஷ்காவை இடுப்புல வச்சுக்கிட்டு, மாரி, உன் கையைப் பிடிச்சுக்கிட்டு பஸ் ஏறுனேன். அன்னிக்கு முடிவு பண்ணேன். என் பிள்ளைக ரெண்டும் என் தம்பிக வீட்டை விட்டு வெளிய போகாதுன்னு.

— தெரியும்மா.

— தெரிஞ்சும் கேக்குறியே. உன் மாமன் உன்னை ஒரு நாளாச்சும் கை நீட்டி அடிச்சிருக்கானா?

— இல்லை. மாமா மாதிரி யாரும் என்னைப் பாத்துக்கிற மாட்டாக. அதனாலதான் சொல்றேன். நல்லவங்களைத்தான் கட்டுனோம். நல்லாத்தான் இருந்தோம். இருந்தும் என் மாருல குடிச்ச பிள்ளை என் மாருப் பாலாலயே போச்சு. அனுஷ்காவுக்கு அது வேண்டாம்மா. அடி வாங்குனாத் திரும்பி வந்துரலாம். நீ வரலையா? இதுலேருந்து எங்க திரும்பி வர்றது?

— போச்சு போச்சுன்னு சொல்லாத. இவ இருக்கால்ல.

— மூத்தவளைச் சொன்னேன்.

— இவளை மதுரையில காப்பாத்திருவாகல்ல தம்பி? அந்த மாவுப் பாலைக் குடிச்சு வளந்துருவால்ல?

— நேரத்துக்குப் போய்ச் சேந்தா.

— அப்ப ஓட்டு. ஏன் உருட்டிக்கிட்டுப் போற?

— மாரிதான் மெதுவாப் போகச் சொல்றா.

— அம்மா, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. அனுஷ்காவைக் கர்ணன் மாமாவுக்குக் குடுக்க மாட்டேன்னு சொல்லு. பெறகு அவரை எவ்வளவு வேகமா வேணும்னாலும் ஓட்டச் சொல்றேன்.

— பேரம் பேசுற நேரமாடி இது?

— இதுதாம்மா நேரம்.

— மாரி, உனக்கு என்ன ஆச்சு? ஆஸ்பத்திரியில சேத்துட்டு நானே அக்காகிட்டப் பேசுறேன். கர்ணன்கிட்டயும் பேசுறேன்.

— நீங்க பேச மாட்டீக மாமா. அம்மா அழுதா விட்டுருவீக. என்னைக் கட்டும்போதும் நான் சின்னப் பிள்ளை, வேண்டாம்னுதான் சொன்னீகளாம். அம்மா அழுதுச்சு, கட்டிட்டீக.

— ஆமா.

— அம்மா, இன்னொரு கல்லு நட உனக்குத் தெம்பு இருக்கா? அனுஷ்கா ஒரு பிள்ளையைப் பெத்து, அதுவும் வாசமா இருந்து, ஊரு வந்து மோந்து பாத்து, நீ அதுக்கும் குலவை போடுவியா? இப்ப உனக்கு என்னன்னு தெரிஞ்சு போச்சு. இனிமே உன்னால குலவை போட முடியாது.

— என்னை ஏண்டி இப்படிக் கொல்ற?

— அனுஷ்கா நர்சிங் படிக்கணும்னு கேட்டா. படிக்க வை. அவளாப் பாத்து ஒருத்தனைக் கட்டட்டும். அடிச்சா நாங்க போய்க் கேக்குறோம். உனக்கு அன்னிக்கு யாரும் இல்லை. அவளுக்கு நாங்க இருக்கோம்.

— கர்ணன் மனசு உடைஞ்சு போகும்.

— உடையட்டும். ஆறிரும்.

— அக்கா, கணவாய் வந்துருச்சு. ஒரு முடிவு சொல்லு. எனக்கு இவ்வளவு மெதுவா ஓட்ட முடியலை.

— சரி.

— என்ன சரி?

— குடுக்கலை. போதுமா? உன் தங்கச்சியைக் கர்ணனுக்குக் குடுக்கலை.

— இப்படி இல்லம்மா. இந்தா, துண்டை விலக்குறேன். பிள்ளை தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணு.

— அம்மாவை நம்ப மாட்டியா?

— மாமா கேக்குற மாதிரிச் சொல்லு.

— எம் பேத்தி தலை மேல சத்தியமா, அனுஷ்காவை என் தம்பி கர்ணனுக்குக் குடுக்க மாட்டேன். என் உசுரு போனாலும் குடுக்க மாட்டேன். தம்பி, கேட்டுக்கிட்டியா? இனிமே ஓட்டு. ... ஏத்தா. மாரி. உச்சியில துடிப்பே இல்லையே.

— அது தேனியிலயே நின்னுருச்சும்மா. நீ சொன்னது சொன்னதுதான்.